நெஞ்சுக்கும் செவிக்கும் இடையே ஒரு காகிதச் சுருள்

ஸ்டெதாஸ்கோப்பை அறியாதவர் நம்மில் யாருமில்லை. மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதும் கழுத்தில் அது தொங்கும் உருவமே மனத்தில் எழுகிறது. ஆயினும் அக்கருவி தோன்றியதற்கு ஓர் இளம்பெண்ணின் மானத்தைக் காக்கும் எண்ணமும் ஒரு காரணம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். இதயத்தை ஆராயும் கருவிகளின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு கருவியும் நோயாளியின் உடலுக்கும் மருத்துவரின் உடலுக்கும் இடையே உள்ள தொலைவைக் கூட்டியிருக்கிறது, அல்லது குறைத்திருக்கிறது.

இன்று சிற்றூர்களை அடுத்த நகரங்களிலும் எடுக்கப்படும் எக்கோ ஸ்கேன் அத்தொலைவை ஏறத்தாழ இல்லாமலே செய்துவிட்டது. மேலாடையைக் களைந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, இடக்கையைத் தலைக்குமேல் உயர்த்திப் படுக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் மார்பின்மீது கருவியை வைத்து அழுத்தி நகர்த்துவார். அரை இருட்டான அறையில் அரைமணி நேரம்வரை இது நீளலாம். இதற்கு அஞ்சியே பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பத்தாம்பசலிகள் என்று கடிந்துகொள்வது எளிது. அந்தக் கூச்சத்துக்கு மருத்துவ வரலாற்றில் என்ன இடம் இருந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அம்முடிவுக்கு வருவது நல்லது.

நம் நாட்டு மருத்துவ மரபில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. நாடி பார்க்கும் வைத்தியருக்கு மணிக்கட்டு போதும். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது வழக்கம். மூன்று விரல்களால் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை அறிந்து மருந்து சொல்லிவிடுவார். கையை மட்டும் நீட்டினால் போதுமென்பதால், திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணுக்கும் மருத்துவம் செய்ய முடிந்தது.

ஔரங்கசீப் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, முகலாய அந்தப்புரத்துக்குள் தாம் அழைத்துச் செல்லப்பட்ட விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். இத்தகைய வேளைகளில் நோயாளியை வெளிவாயில்வரை கொண்டுவருவதே அங்கு வழக்கம். அன்று நோயுற்றிருந்த பெருமாட்டியை அசைக்கவும் முடியாத நிலை. எனவே மருத்துவரை உள்ளே விட்டார்கள். அவரது தலையிலிருந்து பாதம்வரை காஷ்மீரச் சால்வையைப் போர்த்தி, குருடனை நடத்துவதுபோல் ஓர் அலி கையைப் பிடித்து நடத்திச் சென்றான். அங்கே போர்த்தப்பட்டவர் நோயாளி அல்லர், மருத்துவர் என்பதைக் கவனிக்க வேண்டும். மானத்தைக் காக்கும் பொறுப்பு, வருபவர்மேல் சுமத்தப்பட்டிருந்தது.

ஐரோப்பிய மருத்துவம் பதினெட்டாம் நூற்றாண்டில் வேறு திசையில் நடக்கத் தொடங்கியது. நோய் உடலின் எந்த உறுப்பில் இருக்கிறது என்று தேடும் முறை வலுப்பெற்றது. வியன்னாவில் பணியாற்றிய ஆவென்புருக்கர், மார்பை விரல்நுனிகளால் தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டால் உள்ளிருக்கும் நிலையை அறியும் முறையை 1761-இல் சிறு நூலாக வெளியிட்டார். நோயாளியின் சட்டையை இழுத்துப் பிடித்து அதன்மேல் தட்ட வேண்டும். இல்லையேல் தட்டும் கைக்கு உறை அணிய வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வெற்று மார்பில் வெறுங்கை படும்போது எழும் ஓசை உண்மையான ஒலியை மறைத்துவிடும் என்பதே அவர் கூறிய காரணம். நோயாளியின் கூச்சத்தை அவர் கருதவில்லை. ஆயினும் விளைவு ஒன்றே: ஆராயும் கைக்கும் ஆராயப்படும் மார்புக்கும் நடுவே ஒரு துணி இருந்தது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்நூலை 1808-இல் பிரெஞ்சில் பெயர்த்துப் புகழ்பெறச் செய்தவர் நெப்போலியனின் மருத்துவர் கொர்விசார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் ரெனே லென்னெக்.

1816-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் பணியாற்றிவந்தார். இதயநோயின் பொதுவான அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். உடல் பருமனாக இருந்ததால், தட்டிப் பார்ப்பதும் கைவைத்துப் பார்ப்பதும் பயன் தரவில்லை. மார்பில் நேரடியாகச் செவியை வைத்துக் கேட்பது கிரேக்க மருத்துவ நூல்களிலேயே குறிக்கப்பட்டுள்ள பழைய முறை. ஆனால் நோயாளியின் வயதும் பால் வேறுபாடும் அதைத் தகாததாக்கின. இதை எழுதியிருப்பவர் லென்னெக்கே.

இவ்விடத்தில் சற்று நிற்போம். அன்றைய பாரிஸ் பொது மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் ஏழைகள். மாணவர் கூட்டம் சூழ நின்று அவர்கள் உடலைப் பாடமாகப் பார்ப்பது அங்கு அன்றாட நிகழ்ச்சி. அத்தகைய சூழலில், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைப்பது தகாது என்று நினைத்து ஒரு மருத்துவர் தயங்கினார். தயங்கியவர் பரிசோதனையைக் கைவிட்டுவிடவும் இல்லை. திண்மையான பொருளின் ஒரு முனையில் எழும் மெல்லொலி மறுமுனையில் பெருகிக் கேட்கும் என்ற ஒலியியல் உண்மை அவருக்கு நினைவுக்கு வந்தது. மரக்கட்டையின் ஒரு முனையை ஊசியால் கீறினால் மறுமுனையில் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு காகிதக் கற்றையை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டபோது ஒருபோதும் கேட்டிராத தெளிவுடன் இதயத் துடிப்பு கேட்டது.

பாரிஸின் லூவர் அரண்மனை முற்றத்தில் சிறுவர்கள் மரக்கட்டையை வைத்து விளையாடியதைக் கண்டு லென்னெக் இதைக் கற்றார் என்று பின்னாளில் ஒரு கதை வழங்கலாயிற்று. அவருடைய நூலில் அக்கதை இல்லை. அந்நூலில் இருப்பது ஒரு நோயாளி, ஒரு தயக்கம், அத்தயக்கத்திலிருந்து பிறந்த சிந்தனை. காகிதச் சுருள் பின்னர் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள மர உருளை ஆயிற்று. லென்னெக் அதைத் தாமே கடைந்தார். மார்பு, பார்த்தல் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு ஸ்டெதாஸ்கோப் எனப் பெயரிட்டார். 1819-இல் வெளிவந்த அவருடைய நூல் இரண்டு தொகுதிகள் கொண்டது. 1826-இல், தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த காசநோய்க்கே இரையாகி, 45-ஆம் வயதில் மறைந்தார்.

நாணம் அறிவியலுக்குத் தடை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லென்னெக்கின் அனுபவம் அதற்கு மாறானது. நோயாளியின் கூச்சத்தை, அவளுடைய பருமனைப் போலவே, கணக்கில் கொள்ளவேண்டிய ஒரு மெய்ந்நிலையாக அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதனால்தான் வேறு வழி தேடினார். தேடியதனால்தான் முன்னோர் கேளாத ஒலிகளைக் கேட்டார்.

லென்னெக் கருவியால் தீர்த்த சிக்கலைத் தமிழகம் வேறு வகையில் எதிர்கொண்டது. பிள்ளைப்பேற்றுக்கும் பிற நோய்களுக்கும் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்த பெண்கள், மருத்துவமின்றியே இறந்துகொண்டிருந்தனர். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், பின்னர் இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிவந்து, 1885-இல் சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமானார். சாதிக் கட்டுப்பாட்டாலும் கோஷா முறையாலும் பொது மருத்துவமனைக்கு வர இயலாத பெண்களுக்கென அமைந்த அதுவே திருவல்லிக்கேணியில் உள்ள இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழையவர்கள் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நிகழ்ந்ததையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மருத்துவரான தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் அடுத்தடுத்துத் தேடிவந்தனர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தாம் மருத்துவம் படித்தவர் அல்லர், தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. மூவரும் ஆண் மருத்துவர் வேண்டாமென்று திரும்பிச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்துபோயினர். அந்த இரவே தம்மை மருத்துவம் படிக்கச் செய்தது என்று ஐடா பின்னாளில் கூறிவந்தார். 1899-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து, 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

அந்த மூவரின் மறுப்பு அறியாமையால் நேர்ந்தது என்று இன்று நாம் சொல்லலாம். ஐடா அந்த அறியாமையைப் பழித்துவிட்டு அமையவில்லை. அம்மறுப்பு உள்ளவரையில் பெண்கள் சாவார்கள். எனவே அவர்கள் ஏற்கும் வகையில் மருத்துவத்தை அவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். லென்னெக் சென்ற வழிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

மீண்டும் கருவிகளுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஐந்தோவன் உருவாக்கிய ஈசிஜி, தொலைவை மேலும் கூட்டியது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்து அமர்ந்திருந்தால் போதும். இதயத்தின் மின்துடிப்பு பதிவாகிவிடும். 1905-இல் மருத்துவமனையில் இருந்த நோயாளியின் துடிப்பை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தம் ஆய்வகத்தில் கம்பி வழியாகப் பதிவு செய்தார் ஐந்தோவன். மார்பைத் திறக்கவேண்டிய தேவையே அதில் இல்லை. 1930-களில் மார்பின்மீதும் மின்முனைகள் வைத்துப் பதிவு செய்யும் முறை வளர்ந்து, 1938-இல் அவற்றுக்குரிய இடங்கள் வரையறுக்கப்பட்டன. கைகால்கள் சொல்லாத செய்திகளை மார்பு சொன்னது. பயன் பெருகியது, திரை விலகியது.

அடுத்த திருப்பம் சுவீடனின் லுண்ட் நகரில் நேர்ந்தது. எட்லர் என்ற இதய மருத்துவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிவிடும் நோய்க்கு 1948 முதல் அறுவை சிகிச்சை வெற்றி பெறத் தொடங்கியிருந்தது. ஆனால் யாருக்கு வால்வு சுருங்கியிருக்கிறது, யாருக்கு அது மூடாமல் ஒழுகுகிறது என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது. எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதற்கு மீயொலியைப் பயன்படுத்த எண்ணினர். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பற்றவைப்பில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கிச் சோதித்தனர். பின்னர் சீமென்ஸ் நிறுவனம் கடனாகத் தந்த கருவியைக் கொண்டு 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவை முதன்முறையாகப் பதிவு செய்தனர். எக்கோ பிறந்தது. இருவருக்கும் 1977-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

கதிரியக்கம் இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. ஆயினும் மீயொலிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது காற்றை ஊடுருவாது. எலும்பும் அதை மறிக்கும். நுரையீரலுக்கும் விலா எலும்புகளுக்கும் இடையே உள்ள சில சிறு இடைவெளிகளே அதற்குச் சாளரங்கள். மார்பெலும்பின் இடப்பக்கம் ஒன்று, இதயத்தின் கூர்முனை துடிக்கும் இடம் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, தொண்டைக்குழியில் ஒன்று. இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இதயம் மார்புச்சுவரை நெருங்கி வரும். இடக்கையை உயர்த்தினால் விலாக்களின் இடைவெளி விரியும். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று தங்கக்கூடாது என்பதற்காகவே குளிர்ந்த ஜெல் தடவப்படுகிறது. ஆவென்புருக்கர் இழுத்துப் பிடித்த சட்டைக்கு இங்கே இடமில்லை. துணியின் இழைகளுக்கிடையே உள்ள காற்றே ஒலியைத் தடுத்துவிடும். பெண்களின் இடமார்பகத்துக்குக் கீழே கருவியை வைத்தாக வேண்டும். லென்னெக்கின் காகிதச் சுருள் உண்டாக்கித் தந்த தொலைவை எட்லரின் கருவி திரும்ப எடுத்துக்கொண்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அது ஒலியின் இயல்பு. கருவி காக்காத மானத்தை இனி மனிதர்தாம் காக்க வேண்டும்.

எட்லர் தேடிய அந்த நோய் நமக்கு அயலானது அன்று. குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. செல்வ நாடுகளில் அது அருகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களையே அது மிகுதியாகப் பற்றுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்ணுக்குக் காரணம் அதுவா என்று தெளிவாகச் சொல்லவல்ல கருவி எக்கோ. அக்கருவிக்கு முன் வந்து படுக்கக் கூசுபவரும் பெரும்பாலும் அவரே.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூச்சிரைப்புக்காக எக்கோ எடுக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதித் தந்திருந்தார். அவரை நானே ஒரு ஸ்கேன் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். ரவிக்கையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். போர்த்திக்கொள்ள எதுவும் தரவில்லை. அறைக்கதவு பாதி திறந்திருந்தது; அடுத்து வருபவரின் பெயரைக் கேட்க ஒருவர், கோப்பு எடுக்க ஒருவர் என்று ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே வந்து, "வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். அடுத்த மூன்று மாதம் யார் சொல்லியும் அசையவில்லை. இரவில் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார்.

பிறகு வேறோர் இடத்தில் எடுத்தோம். அங்கிருந்தவர் ஓர் இளம்பெண். முதலில் கதவைத் தாழிட்டார். முன்பக்கம் திறக்கும் அங்கி ஒன்றைக் கொடுத்து, மாற்றிக்கொள்ளும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மேலே ஒரு துப்பட்டியைப் போர்த்தினார். "அம்மா, இப்ப இந்த இடத்துல ஜில்லுன்னு இருக்கும். அடுத்து மார்புக்குக் கீழ வைக்கணும், நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க" என்று ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் சொன்னார். கருவி தொடும் இடம் மட்டுமே அவ்வப்போது திறந்தது. முடிந்ததும் துடைத்துக்கொள்ளத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். இருபது நிமிடம். மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. மருந்து தொடங்கியது, பின்னர் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இரண்டு இடங்களிலும் இருந்தது ஏறத்தாழ ஒரே வகைக் கருவிதான். வேறுபட்டது, ஒரு தாழ்ப்பாளும் ஒரு துப்பட்டியும் நாலு வார்த்தையும். முதலில் சென்ற இடத்தில் அவை இருந்திருந்தால் அந்த மூன்று மாதங்கள் வீணாகியிருக்கமாட்டா.

ஆண்களுக்கு இது பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வயலில் நிற்கும் மனிதரும், அயலார் நடமாடும் அறையில் ஒரு பக்கம் சாய்ந்து, மின்முனைகள் ஒட்டப்பட்டு, தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்டபடி கிடக்கும்போது சிறுமைப்படுகிறார். அதை வெளியே சொல்லமாட்டார், அவ்வளவே வேறுபாடு.

இன்று இதற்கு எழுத்து வடிவில் ஆதரவும் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது வேறொரு பெண் உடனிருக்கக் கோரும் உரிமையை ஏற்கிறது. அத்தகைய பெண் உதவியாளர் இருப்பதை உறுதி செய்வது மருத்துவமனை நிர்வாகத்தின் கடமை என்றும் கூறுகிறது. 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளர் உரிமைகள் குறித்து மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் வேலைக்குப் போகும் அவசரத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? ஒரு நாளைக்கு இத்தனை ஸ்கேன் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் பணிபுரியும் தொழில்நுட்பருக்கு ஒரு பெண் உதவியாளரையும் ஒரு தாழ்ப்பாளையும் தரவேண்டியவர் நிர்வாகியே. கண்டிக்கவேண்டிய இடத்தை நாம் சரியாகக் கண்டுகொள்ள வேண்டும்.

வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இரண்டு நாணங்களைப் பிரித்துக் காட்டுகிறார். தகாத செயலுக்காக வெட்குவது ஒன்று. பெண்டிர்க்கு இயல்பாக அமைந்த நாணம் மற்றொன்று. ஸ்கேன் அறையின் கதவு திறந்து கிடக்கையில் படுத்திருப்பவர் படுவது இரண்டாம் வகை. முதல் வகையின்படி நாணவேண்டியவர்கள் அந்த அறையை நடத்துபவர்கள். அதே வள்ளுவர், இடையிலிருந்து உடை நழுவும் கணத்தில் தானாக விரைந்து சென்று பற்றும் கையை நட்புக்கு உவமை சொன்னார். நோயாளியின் உடையைத் தம் தொழிலின் பொருட்டு விலக்க நேரும் கைக்கும் அந்த விரைவு இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

நம் வீட்டுப் பெண்களுள் யாரேனும் எக்கோ சீட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், ஏன் என்று ஒருமுறை தனியே கேட்டுப் பாருங்கள். அங்கே என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கி கேட்கலாம், போர்வை கேட்கலாம், கதவைச் சாத்தச் சொல்லலாம், பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லலாம். கேட்பதால் பரிசோதனையின் துல்லியம் ஒரு சிறிதும் குறையாது என்பதையும் சொல்லி, துணைக்குச் சென்று வாருங்கள்.